ஏராளமாக இருந்தபோது

1

அழிந்துபோன உயிரினங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது ஒரு தேதி. 1914 செப்டம்பர் 1: அமெரிக்காவின் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் மார்த்தா என்ற பயணிப் புறா இறந்தது. 1936 செப்டம்பர் 7: டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில், கூண்டில் இருந்த கடைசித் தைலசின் விலங்கு. 2012 ஜூன் 24: கலாபகஸ் தீவுகளில் ‘தனிமை ஜார்ஜ்’ என்று அழைக்கப்பட்ட பின்டா ஆமை. ஒரு பெயர், ஒரு இடம், ஒரு நாள். நெருங்கிய உறவில் சாவு விழுந்த நாளைப் போல மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

மார்த்தாவின் தேதியிடம் அடிக்கடி போய் நிற்கிறேன். அதனுடன் கூண்டில் இருந்த ஆண் புறா 1910இலேயே இறந்துவிட்டது. காட்டில் அந்த இனத்தைப் பார்த்ததாகச் சொல்லும் நம்பத்தக்க பதிவுகள், புதிய நூற்றாண்டு பிறந்த ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோயின. அப்படியானால் 1914இல் முடிந்தது என்ன? ஏற்கெனவே தீர்ந்துபோன ஒன்றின் கணக்கை அன்றைக்கு மூடினார்கள், அவ்வளவே. முடிவு தொடங்கியது வெகு காலம் முன்பு, அந்தப் புறாக்கள் கோடிக்கணக்கில் இருந்தபோது.

கடைசி ஒன்றைப் பார்த்து இரங்குவதற்குப் பயிற்சி தேவையில்லை. ஏராளமாக இருக்கும் ஒன்று குறைந்துகொண்டே போவதைப் பார்ப்பது எப்படி? இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

2

1813, இலையுதிர் காலம். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன், கென்டக்கி மாநிலத்தின் ஹெண்டர்சனிலிருந்து லூயிவில் நகரத்தை நோக்கிக் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். தலைக்கு மேல் புறாக் கூட்டங்கள். இறங்கி உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு புள்ளி வைக்கிறார். இருபத்தொரு நிமிடங்களில் 163 புள்ளிகள். அதற்கு மேல் முடியாது என்று எழுந்துவிடுகிறார். நண்பகல் வெளிச்சம் கிரகணம் பிடித்தாற்போல் மங்கியதையும், மூன்று நாட்கள் அந்தக் கூட்டம் ஓயாமல் கடந்துகொண்டிருந்ததையும் பிறகு எழுதி வைத்தார்.

ஐரோப்பியர்கள் வந்து இறங்கிய காலத்தில் வட அமெரிக்காவில் 300 முதல் 500 கோடி வரை பயணிப் புறாக்கள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1871இல் விஸ்கான்சின் காடுகளில் கூடு கட்டிய ஒரே திரளில் ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் பறவைகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அவை வந்து அடையும் மரங்களில் பாரம் தாங்காமல் பெருங்கிளைகள் முறிந்து விழும்.

ஆடுபனின் கை ஓய்ந்த அந்த இடத்தில் என் யோசனையும் நின்றுவிடுகிறது. எண்ண முடியாது என்று தோன்றும் கணத்திலேயே, எண்ண வேண்டியதில்லை என்ற நிம்மதியும் சேர்ந்து வந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் ஒரு இனம் காணாமல் போகிறது.

3

1857இல் ஒஹையோ மாநிலச் செனட்டில், வேட்டைப் பறவைகளுக்குப் பாதுகாப்பு தருவது பற்றிப் பேச்சு வந்தது. ஆராய்ந்த குழு, பயணிப் புறாவுக்குப் பாதுகாப்பு அவசியமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அது வெகுவாகப் பெருகும் பறவை, வடக்கின் பெருங்காடுகள் அதற்குப் பிறப்பிடம், எவ்வளவு கொன்றாலும் குறையப்போவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். ஆனால் வெகுவாகப் பெருகும் என்று அவர்கள் நம்பிய பறவை, ஒரு கூட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புறாக்கள் எந்தக் காட்டில் இறங்கியிருக்கின்றன என்ற செய்தி தந்தியில் போனது. தொழில்முறை வேட்டைக்காரர்கள் ரயிலில் வந்தார்கள். கொன்ற பறவைகள் பீப்பாய் பீப்பாயாக அதே ரயிலில் நகரச் சந்தைகளுக்குப் போயின. 1878இல் மிச்சிகன் மாநிலத்தின் பெடாஸ்கியில் கடைசிப் பெருந்திரள்களில் ஒன்று கூடு கட்டியபோதும் இதுவே நடந்தது. அவை தின்று வளர்ந்த ஓக், பீச் கொட்டைகளைத் தந்த காடுகளும் விளைநிலங்களாகிக்கொண்டிருந்தன.

வேட்டை லாபம் தராத அளவுக்குக் குறைந்த பிறகும் ஆயிரக்கணக்கில் புறாக்கள் மிஞ்சியிருந்தன. ஆனாலும் அந்த இனம் மீளவில்லை. கூட்டமே அதற்குக் காவலாக இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பருந்தும் நரியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குத் திரண்டு கூடு கட்டியதால்தான் குஞ்சுகள் தப்பின. மற்ற உயிருக்கு ஆயிரம் என்பது பெரிய எண்ணிக்கையாக இருக்கலாம். இந்தப் பறவைக்கு அது போதவில்லை. ஒவ்வொரு உயிருக்கும் ‘போதும்’ என்பது வேறு வேறு எண். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தப் புறா தீர்ந்துவிட்டது.

4

இனி நம் பக்கம்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லிவந்த பறவையைப் பாறு என்ற பழைய பெயரால் இப்போது பலர் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் முக்கியமாக நான்கு வகைகள் உண்டு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள் முகப் பாறு. இந்தியாவில் 1980களில் சுமார் 4 கோடிப் பாறுகள் இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்தக் காலத்தில், உலகிலேயே மிக அதிகமாக உள்ள பெரிய இரைகொல்லிப் பறவை வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்கும் என்று பறவையியலாளர்கள் எழுதினார்கள்.

ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் அவை வந்துவிடும். வானத்தில் உயரே வட்டமிடும் ஒன்று இறங்குவதைத் தொலைவில் வட்டமிடும் இன்னொன்று பார்க்கும். அது திரும்புவதை அதற்கும் அப்பால் உள்ள மற்றொன்று பார்க்கும். இப்படிப் பல கல் தூரத்துக்குச் செய்தி போகும். திரளாக வந்து இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிச்சம். அடைப்பான் நோயில் செத்த மாட்டின் கிருமியைக்கூட எரித்துவிடும் அமிலம் அவற்றின் இரைப்பையில் உண்டு.

கோயிலிலும் அவற்றுக்கு இடம் இருந்தது. திருக்கழுக்குன்றம் மலையில் நண்பகல் நேரத்தில் இரண்டு மஞ்சள் முகப் பாறுகள் வந்து பூசகர் வைக்கும் அமுதை உண்டுபோவதைக் காண மக்கள் காத்திருப்பார்கள். புள்ளிருக்குவேளூரில், சடாயுவைத் தகனம் செய்த இடம் என்று குண்டத்தைக் காட்டுகிறார்கள். இவ்வளவு அருகில், வீட்டு மாட்டுக்கும் சாமிக்கும் இடையில், அந்தப் பறவை இருந்தது. எத்தனை இருக்கின்றன என்று கேட்கும் தேவை யாருக்கும் எழவில்லை.

5

ஒருவர் எண்ணினார்.

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் இரைகொல்லிப் பறவைகளை ஆய்வு செய்தார். பாறுகளின் கூடுகளையும் கணக்கெடுத்தார். வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் மட்டும் 350க்கு மேல் இருந்தன. அந்தக் கணக்கால் அன்றைக்கு எதுவும் ஆகவேண்டியிருக்கவில்லை. பாறுகளுக்கு ஆபத்து என்று யாரும் நினைக்கவில்லை.

1990களின் நடுவில் அவர் மறுபடியும் அங்கே கணக்கெடுத்தபோது கூடுகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தன. பிறகு செத்து விழுந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவில் ஒரு கூடும் இல்லை.

இந்த வரலாற்றில் என் மனம் தங்கும் இடம் அந்த முதல் கணக்கு. அது இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது கணக்குக்குப் பொருளே இல்லை. பாறுகள் முன்பைவிடக் குறைவாகத் தெரிகின்றன என்று ஒருவர் சொல்லியிருப்பார், வேறு எங்காவது போயிருக்கும் என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். ஒஹையோவிலும் எண்ணாமலேதான் பேசினார்கள். பரத்பூரில் அப்படிப் பேச முடியவில்லை, ஏனென்றால் தேவையே இல்லாத காலத்தில் ஒருவர் எண்ணி எழுதி வைத்திருந்தார்.

6

காரணம் தெரிவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பாறுகளை அமெரிக்கக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. கிருமியையும் பூச்சிக்கொல்லியையும் கன உலோகங்களையும் தேடினார்கள், பொருந்தவில்லை. பிறகு கேள்வியை மாற்றினார்கள். பாறு தின்பது ஏறத்தாழ முழுக்கச் செத்த மாடு. அப்படியானால் மாட்டுக்கு அண்மையில் புதிதாக என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தார்கள். விடை, மூட்டுவலிக்கு மனிதர்களும் சாப்பிடும் டைக்ளோஃபினாக். 2004இல் நேச்சர் இதழில் இது வெளியானது.

நோவில் கிடக்கும் மாட்டுக்கு வலி தணியட்டும் என்று போட்ட ஊசி அது. மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், அந்தப் பறவை சில நாட்களில் செத்துவிடும். செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவுக்கு மருந்து இருந்தாலே போதும், இவ்வளவு பெரிய அழிவு வந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டை ஒரு கூட்டமே சேர்ந்து தின்கிறது. ஒரு பறவை ஓர் ஆண்டில் பல மாடுகளின் மேல் இறங்குகிறது. சேர்ந்து உண்ணும் வழக்கமே பாறுக்கு வினையாயிற்று. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

பயணிப் புறாவின் கதையில் துப்பாக்கி இருந்தது, வலை இருந்தது, விலை பேசும் சந்தை இருந்தது. இங்கே கோபத்தோடு சுட்டிக்காட்ட ஒருவரும் கிடைக்கவில்லை. இரக்கத்தால் செய்த காரியம், அதைச் செய்தவர் நிமிர்ந்து பார்க்காத ஒரு வானத்தை வெறுமையாக்கிவிட்டது. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு இந்த இடத்தில் தளர்கிறது. நல்லெண்ணத்தோடு தொடர் கவனமும் வேண்டும். நாம் செய்வது எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து போகும் பொறுமை வேண்டும்.

7

பாறுகள் போன பிறகுதான் அவை செய்துவந்த வேலை தெரிந்தது. செத்த மாடுகள் ஊர் எல்லையில் அழுகிக் கிடந்தன. சிலவற்றை நீர்நிலைகளில் தள்ளினார்கள். தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநோய் அச்சமும். மும்பை மலபார் குன்றில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரைக் கிடத்தும் அமைதிக் கோபுரங்களுக்குப் பாறுகள் வருவது நின்றது. பல நூற்றாண்டு வழக்கம் இடறியது. உடலங்களை உலர்த்த, சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க வேண்டி வந்தது.

எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள், பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாறுகள் மறைந்த இடங்களில் மனிதர்களின் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியது என்றும், 2000க்கும் 2005க்கும் இடையில் சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் அதனால் நேர்ந்திருக்கும் என்றும் அவர்கள் கணித்தார்கள்.

இந்த எண்ணைப் படித்த பிறகு நீண்ட நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. பாறு செய்த வேலைக்கு நாம் கூலி கொடுத்ததில்லை, நன்றி சொன்னதில்லை. பிணம் தின்பது என்று பெயர் வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

8

டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் 1995இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் பணிக்கு வந்தபோது கடலில் கண்ட மீனின் அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்துதான் குறைவை அளக்கிறது. அதற்கு முன்பே போய்விட்டது கணக்கில் வருவதேயில்லை. அடுத்த தலைமுறையின் இயல்பு இன்னும் கீழே தொடங்குகிறது.

இன்று பள்ளியில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாறு இல்லாத வானம்தான் முழு வானம். அவர்களுக்கு எதையும் இழந்த உணர்வு இருக்க வழியில்லை. வயல்மேட்டில் செத்த மாட்டைச் சுற்றிச் சிறகடித்துச் சண்டையிட்ட அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்த்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அழிந்துபோன உயிர்களைப் பற்றிக் கற்பதன் பயன் எனக்கு இங்கேதான் தெளிவாகிறது. நான் பிறந்தபோது இருந்தது தொடக்கமல்ல என்று அது சொல்லித் தருகிறது.

9

உலக இயற்கைப் பாதுகாப்புக் கூட்டமைப்பின் செம்பட்டியலை அரிய உயிர்களின் பட்டியல் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் அளவுகோல்களில் ஒன்றைப் படித்தபோது மனம் நிமிர்ந்தது. ஒரு இனம் எண்ணிக்கையில் இன்னும் நிறைய இருந்தாலும், பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள், 80 சதவீதம் குறைந்தால் அது மிக அபாய நிலைக்குப் போய்விடும். எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று கேட்பதோடு, எவ்வளவு வேகத்தில் போகிறது என்றும் அது கேட்கிறது. 2000ஆம் ஆண்டில் வெண்முதுகுப் பாறு அந்தப் பிரிவில் சேர்ந்தது இப்படித்தான். அப்போது அவை ஆயிரக்கணக்கில் இருந்தன.

1857இல் ஒஹையோவில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டில் மனிதர்கள் கற்றுக்கொண்ட ஒரு கேள்வி இது. விலையாகக் கொடுத்தது பெரிது. ஆனாலும் கற்றார்கள்.

10

அந்தக் கேள்விக்குப் பலன் கிடைத்தது. 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் மாற்று மருந்தாக வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிக்குள் கட்டுப்படுத்தினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனால் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்குகிறார்கள்.

தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றுக்கு மோயாறு பள்ளத்தாக்கு முக்கியமான புகலிடம். முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் பக்கம் ஓடைக்கரைகளில் உயர்ந்து நிற்கும் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. புலியும் செந்நாயும் அடித்துத் தின்று மிச்சம் வைக்கும் மானிலும் காட்டெருதிலும் மருந்து கிடையாது. அதுதான் அங்கே அவற்றை இன்றுவரை காத்துவந்திருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுக்கும் கணக்கில் வருவது சில நூறு பறவைகள். ஓர் இணைக்கு ஆண்டுக்கு ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து ஆண்டுகளாவது ஆகும்.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. மாட்டைப் புலி அடித்துவிட்டால், அந்த ஆத்திரத்தில் மிச்சத்தின் மேல் விஷம் தெளிப்பதுண்டு. ஒரு சடலம் போதும், ஒரு கூட்டமே போய்விடும். மாட்டை இழந்தவருக்கு உரிய பணம் தாமதமின்றிக் கையில் சேர்வதும் பாறுப் பாதுகாப்புதான். அருளகம் போன்ற அமைப்புகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களிடமும் மருந்துக்கடைக்காரர்களிடமும் ஆண்டுக்கணக்காகப் பேசிவருகின்றன. ஒரு பறவையைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவதிலேயே கழிகிறது.

11

இப்போது ஏராளமாக இருப்பவை எவை?

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவருவதாகச் சொல்கிறது. அதில் ஒன்று பனங்காடை. மின்கம்பியில் உட்கார்ந்து, பறக்கும்போது மட்டும் தன் நீலத்தைக் காட்டும் அந்தப் பறவை நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது 30 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று அறிக்கை எச்சரிக்கிறது. இன்றும் பேருந்தில் போனால் பனங்காடை கண்ணில் படும். கண்ணில் படுவதால் மனம் சமாதானமாகிவிடும். அந்தச் சமாதானம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு புறாவும் ஒரு பாறும் காட்டிவிட்டன.

அந்த அறிக்கைக்கு அடிப்படை, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த பதிவுகள். ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பவர்கள். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். வீட்டு வாசலிலோ குளக்கரையிலோ பதினைந்து நிமிடமாவது நின்று, கண்ணில் பட்டவற்றையெல்லாம் எண்ணி எழுதினால் போதும். காக்கை எத்தனை, மைனா எத்தனை, கொக்கு எத்தனை.

காக்கையை எதற்கு எண்ண வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏராளமாக இருப்பதால்தான் என்று பதில் சொல்கிறேன். அரிதாகிவிட்ட ஒன்றை எண்ண ஆட்கள் வருவார்கள், பணம் வரும், சட்டம் வரும். ஏராளமாக இருப்பதை எண்ணுவதற்கு அன்பைத் தவிர வேறு தூண்டுதல் கிடையாது. நான் எழுதும் எண்கள் எவருக்கும் ஒருபோதும் தேவைப்படாமலே போகட்டும் என்பதே என் வேண்டுதல். ஒருநாள் யாராவது வந்து முன்பு எத்தனை இருந்தன என்று கேட்டால், அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்க வேண்டும்.